மூன்றாவது ஜன்னலின் கத்தரிக்கோல்

அலுவலக அறிவிப்புப் பலகையில் அம்மாவின் படத்துக்குக் கீழே நாலு வரி ஒட்டியிருந்தார்கள். ‘என்றும் மாறாத இன்முகத்தோடு பொதுமக்களுக்குச் சேவை செய்தவர்’ என்பது அதில் இரண்டாவது வரி. மகன் அதை நின்று படித்தான். அம்மா இருந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியவனைக் கூப்பிட்டு, “இன்முகத்த நீ எப்பப்பா பாத்த? நான் லீவுல இருந்தப்பவா?” என்று கேட்டிருப்பாள். அவள் இல்லை. நெஞ்சுவலி என்றாள். ஆம்புலன்ஸ் சந்து முனையில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் அந்தத் தாள் கிழிபடாமல் தப்பியது.

அவளுக்கு இன்முகம் என்ற சமாச்சாரமே கிடையாது. அவளிடம் இருந்தது வேறு ஒன்று. அதுவும் பிற்பாடு வந்தது. நரை விழுந்த பிறகு மாணவியாகப் போய் உட்கார்ந்து, வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, இரவல் வாங்கிய கதைப் புத்தகங்களிலிருந்து அவளாகவே எடுத்துக்கொண்டது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாதவர்கள் இன்முகம் என்று எழுதிவிட்டார்கள். சோம்பேறிகள்.

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் புகார் ஜன்னல்கள் நான்கு. மூன்றாவது அம்மாவுடையது. புகாரைப் பதிய அவள் முன்னால் இருந்த திரையில் ஐந்து பெட்டிகள் இருக்கும்: கசிவு, தண்ணீர் வரவில்லை, கட்டணம், மீட்டர், இதர. வந்து நிற்கிற ஆள் எந்தப் பெட்டி என்பது அவர் வாயைத் திறந்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தால் அது அவளுக்கு அவமானம்.

“நேத்து எங்க அண்ணன் ஊர்லேர்ந்து வந்திருந்தாரும்மா, வந்தவரு குளிக்கலாம்னு...”

“அண்ணன் குழாய் வழியாவா வந்தாரு? தண்ணி வரல, அவ்வளவுதானே? மீட்டர் நம்பர் சொல்லுங்க.”

இப்படி வெட்டி வெட்டியே ஊரில் அவளுக்குக் ‘கத்தரிக்கோல்’ என்று பெயர் விழுந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் சொல்வதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். “மொக்கக் கத்தரின்னு சொல்லலியே, அந்த வரைக்கும் சந்தோஷம்” என்பாள். வரிசை அவள் ஜன்னலில்தான் சீக்கிரம் நகரும். அழுதுகொண்டு போவார்கள், ஆனால் சீக்கிரம் போவார்கள்.

வீட்டில் அவளும் மகனும் மட்டும். அப்பா என்பவர் அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். மகன் படித்து, ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் சரிபார்க்கிற வேலைக்குச் சேர்ந்தான். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பியதும் அம்மா அன்றைய வரிசை முழுவதையும் குரல் மாற்றி மாற்றி நடித்துக் காட்டுவாள். அந்த நடிப்புக்கு அவன் சிரிப்பான். மனிதர்களைப் பற்றி அவனுக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அளவுமானி பொய் சொன்னால் கழற்றிச் சரி செய்யலாம். ஆளை அப்படிச் செய்ய முடியாது என்பது அவன் கட்சி.

ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவரின் கதையையும் அவள் முதலில் சிரிப்பாகத்தான் சொன்னாள்.

“வீடு ரொம்ப நாளா பூட்டிக் கெடந்துச்சாம். ஆனா பில்லு மட்டும் யான மாதிரி வந்திருக்காம். ‘என் வீட்டுக்காரி...’ன்னு ஆரம்பிச்சாரு. வீட்டுக்காரி கதையெல்லாம் வேணாம், நம்பரச் சொல்லுங்கன்னேன். மறுபடியும் ‘வீடு பூட்டியிருந்துச்சும்மா’ங்கறாரு. பூட்டின வீட்டுல யாரு குளிச்சது, பேயான்னு கேட்டேன். வரிசையே கொல்லுனு சிரிச்சிடுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போயிட்டாரு.”

போனவர் நேராக மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். அவர் சொல்ல வந்தது, வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனாள் என்பது. வீடு பூட்டிக் கிடந்ததும் அதனால்தான்.

கண்காணிப்பாளர் அம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஓய்வூதியம் வரை போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு லட்சியம் இல்லாத மனிதர். நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மேலேர்ந்து வந்திருக்கும்மா. நீங்க ‘மக்கள் தொடர்பு’ சாயங்கால வகுப்புல சேர்ந்து பாஸ் பண்ணணும். அதோட புகார் கொடுத்தவர் இங்க வந்து திருப்தின்னு அவர் வாயால சொல்லணும். ரெண்டும் ஆனா ஃபைல மூடிடலாம்.”

“ஆகலன்னா?”

“மீட்டர் கிடங்கு.”

“அங்க யாரு இருக்கா?”

“யாரும் இல்லம்மா. பழைய மீட்டர்தான்.”

அன்று சாயங்காலம் அம்மா யாரையும் நடித்துக் காட்டவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி, கழுவியதையே மறுபடியும் கழுவினாள். மகனுக்கு விளங்கிவிட்டது. புருஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போன பெண்ணிடம் ஊர் முழுவதும் வந்து ‘அம்மா, அம்மா’ என்று குனிந்து பேசுகிற இடம் அந்த ஒரு ஜன்னல்தான். மனிதர்களை அவளுக்குப் பிடிக்காது. மனிதர்கள் இல்லாமலும் அவளுக்கு ஆகாது. கிடங்கில் துருப்பிடித்த மீட்டர்களை யார் வெட்டுவது?

“படிச்சுப் பாஸ் பண்ணிடும்மா. என்ன பெரிய படிப்பு” என்றான்.

“ஆமாமா. சிரிக்கறதுக்குச் சான்றிதழ் குடுக்கறானுங்களாம்.”

பொது நூலகத்துக்கு மாடியில் வகுப்பு. கூடப் படித்தவர்கள் பஸ் கண்டக்டர்கள், ஆஸ்பத்திரி வரவேற்பறைப் பெண்கள், யாரையோ அடித்துவிட்டு வந்த ஒரு காவலாளி. எல்லோரும் அம்மாவைப் போலத் தள்ளிவிடப்பட்டவர்கள். பாடம் நடத்தியவர் எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். அதனால் ‘டைக்காரர்’. அந்த டையை அவிழ்த்தால் தலை தனியாகக் கழன்று விழுந்துவிடும் என்று அம்மா உறுதியாக நம்பினாள். தான் பேசியதற்குத் தானே தலையாட்டிக்கொள்வார். மேல் பல் வரிசை தெரியச் சிரிக்கப் பழகுங்கள் என்று எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்தார். காவலாளி சிரித்ததைப் பார்த்து வரவேற்பறைப் பெண் ஒருத்தி அழுதே விட்டாள்.

அவருடைய பெரிய வித்தை, எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்வது. அப்படிச் சொன்னால் நாம் கவனிக்கிறோம் என்று எதிராளிக்கு மனம் குளிருமாம். அம்மா மறுநாளே ஜன்னலில் அதைச் செய்து பார்த்தாள்.

“மூணு நாளா தண்ணி வரலம்மா.”

“மூணு நாளா தண்ணி வரல.”

“அதான் சொல்றேன். கைக்குழந்த இருக்கற வீடு.”

“கைக்குழந்த இருக்கற வீடு.”

“என்னம்மா, கிண்டலா?”

“கிண்டலான்னு கேக்கறீங்க.”

அந்த ஆள் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். அவர் பேரில் தவறில்லை. கண்காணிப்பாளர் ஓடி வந்து கும்பிட்டுச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

“இதுக்கு நான் வெட்டினதே தேவலாம்” என்றாள் அம்மா வீட்டில்.

“உங்க டைக்காரரு மனுஷங்கள மிஷின்னு நெனச்சுக்கிட்டாரு” என்றான் மகன்.

“மிஷினப் பத்தியும் ஒண்ணும் தெரியாதுடா. தெரிஞ்சா டைய மாட்டிக்கிட்டு மேசை விசிறிகிட்ட நிப்பானா? சுத்திக்காதா?”

வகுப்பில் ஒரு கட்டாய வேலை இருந்தது. ஆளுமை வளர்ச்சி பற்றி ஒரு புத்தகம் படித்துவிட்டு வந்து எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். அம்மா கீழே நூலகத்துக்குப் போனாள். நூலகர் ரப்பர் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“ஆளுமை வளர்ச்சி எல்லாம் போயிடுச்சு. உங்க மாடிக்காரங்களே அள்ளிட்டுப் போயிட்டாங்க. கதைதான் இருக்கு.”

“கதை படிச்சா ஆளுமை வளருமா?”

“வளர்ந்துச்சுன்னு இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்ல. தொலைச்சா அபராதம் உண்டு. அது மட்டும் தெரியும்.”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அலமாரியில் கைக்கு எட்டிய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் தொட்ட முதல் கதை அது.

அதையும் அவள் புகார் வாங்குகிற மாதிரிதான் படித்தாள். உப்பு லாரி ஓட்டுகிற ஒருவன் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஒரு நாள் காணாமல் போகிறான். அம்மா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகனிடம் தீர்ப்பைச் சொன்னாள்.

“இவன் அயோக்கியன். இதுக்கு மேல படிக்கவே வேணாம்.”

“அப்ப வெச்சிடு.”

“இல்ல, எப்படி மாட்டறான்னு பாக்கணும்.”

நாலைந்து சாயங்காலம் போயிருக்கும். ஒரு நாள் மகன் வேலையிலிருந்து வந்தபோது புத்தகம் சுவரோரம் முதுகு மடங்கிக் கிடந்தது. அம்மா நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். லாரிக்காரன் ஓடிப்போகவில்லை. பெண்டாட்டியின் தம்பி செய்த குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போயிருக்கிறான். பெண்டாட்டிக்கும் அது தெரியும்.

“கடைசில கொண்டுவந்து சொருகிட்டான்மா. கதை எழுதறவன் அப்படித்தான் ஏமாத்துவான்” என்றான் மகன்.

“அதான்டா. ஏமாத்து வேல. எங்க ஏமாத்தினான்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்.”

பொய்க் கணக்கைப் பிடிக்கிற தணிக்கைக்காரி மாதிரி முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு அவனைக் கூப்பிட்டு, ஒரு வரியில் விரல் வைத்துக் காட்டினாள். இரண்டாவது அத்தியாயத்திலேயே இருந்தது. தெருவில் போலீஸ் வண்டி போகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானுக்குக் கை நடுங்குகிறது. லாரிக்காரன் அந்தக் கையைப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

“எல்லாத்தையும் முன்னாடியே சொல்லியிருக்கான். நானும் படிச்சிருக்கேன்டா, கண்ணு பட்டிருக்கு. ‘இதர’ன்னு தள்ளிட்டுப் போயிட்டேன்.”

அவள் குரலில் வருத்தம் இல்லை. கோபம்தான் இருந்தது. தன்னை ஒருவன் காகிதத்தில் வைத்து ஜெயித்துவிட்டான் என்ற கோபம். மறுநாள் நூலகத்துக்குப் போய் இன்னொரு புத்தகம் கேட்டாள். அதிலும் தோற்றாள். மருமகளைக் கொடுமைப்படுத்துகிற மாமியார் என்று தீர்ப்பு எழுதினால், வீட்டில் எல்லோருக்கும் கெட்டவளாக இருந்து அந்த மருமகளைக் காப்பாற்றியதே அவள்தான் என்று முடிந்தது. மூன்றாவதில் பாதியிலேயே தீர்ப்பை மாற்றி, அதிலும் தோற்றாள். மகனுக்கு வேடிக்கையாகப் போயிற்று. “இன்னிக்கு யாரு அயோக்கியன்?” என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் வருவான். “சும்மா இருடா. இன்னும் முடியல” என்பாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் அதுவரை வந்ததில்லை.

அப்பாவைப் பற்றியும் ஒருமுறை கேட்டுப் பார்த்தான், கொஞ்சம் பயந்துகொண்டேதான்.

“லாரிக்காரனுக்குக் காரணம் இருந்துச்சு. அப்பாவுக்கும் ஏதாவது...”

“இல்ல. அந்த ஆள நான் முதல் பக்கத்துலேர்ந்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல. வெத்துக் காகிதம்.”

ஜன்னலில் என்ன மாறியது என்று கேட்டால், முதலில் ஒன்றுமே மாறியதாகத் தெரியவில்லை. சிரிக்கவில்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆள் பேச ஆரம்பித்ததும் பெட்டியில் அழுத்தப் போகிற விரலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வெட்டாமல் இருப்பதே சிலருக்குப் பயமாக இருந்தது, பாதியில் அவர்களாகவே நிறுத்திக்கொண்டு “என்னம்மா, ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?” என்று கேட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் குழாய் கசிகிறது என்று வாரம் தவறாமல் வருகிற ஒரு பெண்மணி உண்டு. போய்ப் பார்த்தால் கசிவே இருக்காது. முன்பெல்லாம் அம்மா அவளை நாலு சொல்லில் விரட்டுவாள். இந்தத் தடவை பேச விட்டாள். பேசிப் பேசி அந்தப் பெண்மணி கடைசியில் வந்து நின்ற இடம், பக்கத்து வீட்டுக்காரி ஏதோ ஒரு கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள் என்பது.

“இது குழாய்ல இல்லம்மா. போய் அவங்க கதவத் தட்டுங்க” என்று அனுப்பிவைத்தாள்.

மகன் அதைக் கேட்டுவிட்டு, “பொறுமையா கேட்டா எல்லாரும் நல்லவங்கதான் போல” என்றான்.

“யாரு சொன்னா? பாதிப் பேரு நான் நெனச்சதவிட மோசம். அந்தப் பொம்பள கதவத் தட்டவே மாட்டா. தட்டிட்டா அப்புறம் வாரா வாரம் எங்க போவா? முன்னாடி எனக்கு இதெல்லாம் தெரியாது. இப்பத் தெரிஞ்சு தொலைக்குது.”

வகுப்பின் கடைசி நாளில் எல்லோரும் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசினார்கள். வெற்றி, படிக்கட்டு, சிகரம் என்று ஆளாளுக்கு ஒரே பேச்சைப் பேசினார்கள். அம்மா எழுந்து லாரிக்காரன் கதையைச் சொன்னாள். மச்சானின் கை நடுங்கிய இடத்தில் காவலாளி “ஐயையோ” என்று வாய்விட்டே சொன்னார். டைக்காரர் மட்டும் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சரி மேடம், இதுல நாம எடுத்துட்டுப் போக வேண்டிய கருத்து என்ன?”

“எடுத்துட்டுப் போறதுக்கு இதென்ன பார்சலா?”

இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்ணில் பாஸ் போட்டார். அவருக்கு அடுத்த கூட்டம் காத்திருந்தது.

இனி மிச்சம் டிரைவர். மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் போதும் என்று டைக்காரர் ஒரு பாடமே நடத்தியிருந்தார். மகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அம்மா அந்த மூன்றையும் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இதில் கோட்டை விட்டால் கிடங்கு என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

டிரைவர் கதவைத் திறந்தார். அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஓ. நீயா? வேலைக்கு ஆபத்துன்னதும் வீடு தெரியுதாக்கும்.”

“ஆமா” என்றாள் அம்மா. மூன்று வாக்கியத்திலும் அது இல்லை.

அந்த நேர்மையோ என்னவோ, உள்ளே விட்டார். கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் துவைத்த துணி குவிந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு உட்காரச் சொன்னார். மகன் சுவரில் சாய்ந்து நின்றான். உட்கார்ந்ததிலிருந்து அவர் பேசினார். மீட்டர் சரியில்லை என்றார். அலுவலகம் முழுக்கத் திருடர்கள் என்றார். பஸ் ஓட்டிய காலத்தில் தனக்கு இருந்த மரியாதையைச் சொன்னார். பயணிகளை நாய்கள் என்றார். கேட்க இனிமையான மனிதரே இல்லை. அம்மா விரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகனுக்கு வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கழிப்பறைப் பக்கத்திலிருந்து மெலிதாக, நிற்காமல், தண்ணீர் ஓடுகிற சத்தம். ஃபிளஷ் தொட்டியின் அடைப்பான் தேய்ந்துபோனால் தண்ணீர் வெளியே தெரியாமல் நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். பூட்டின வீட்டிலும் மீட்டர் ஓடும். அவனுக்கு அது கண் முன்னால் தெரிகிற விடை.

“சார், உங்க ஃபிளஷ் டேங்க்...”

அம்மா திரும்பாமலே கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நிறுத்திக்கொண்டான்.

“என்ன சொல்றான் பையன்?” என்றார் டிரைவர்.

“ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க.”

அவர் குரல் இறங்கியது.

“அவளுந்தான் சொல்லிட்டே இருந்தா. தண்ணி ஓடற சத்தம் கேக்குது, கேக்குதுன்னு. எனக்குக் கேக்கல. எஞ்சின் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து காது போயிடுச்சு. உனக்கு மட்டுந்தான்டி கேக்கும், மூளைக்குள்ள ஓடுதான்னு பாருன்னு சொன்னேன். அப்புறம் அவ சொல்லல. அப்புறம் ஆஸ்பத்திரி.”

அம்மா மகனின் மணிக்கட்டை விட்டாள்.

“மீட்டர் கோளாறுன்னு எழுதிக் குடு” என்றார் அவர் திடீரென்று. “அத மட்டும் எழுதிக் குடு. நாளைக்கே வந்து திருப்தின்னு சொல்லிடறேன். உன் வேலைக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு.”

எழுதுவது சுலபம். ‘மீட்டர்’ பெட்டியில் ஒரு அழுத்து. யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. மகன் மனசுக்குள் ‘எழுதிடும்மா’ என்றான்.

“மீட்டர் சரியாத்தான் ஓடுது” என்றாள் அம்மா. குரலில் வழக்கமான வெட்டு இல்லை, குழைவும் இல்லை. “நான் பொய் எழுதிக் குடுத்தா, உங்க வீட்டம்மா சொன்னது பொய்னு ஆயிடும்.”

டிரைவர் அவளையே பார்த்தார். முகம் கறுத்தது. எழுந்து போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார்.

“போங்க.”

தெருவுக்கு வந்து வண்டியைக் கிளப்பும்போதுதான் மகனுக்கு உறைத்தது.

“அம்மா, மன்னிப்பே கேக்கலியே நீ!”

அம்மா ஏறப்போன காலைக் கீழே வைத்தாள். “அட ஆமாடா. மறந்தே போச்சு.”

“திரும்பிப் போலாமா?”

“வேணாம். இப்பப் போனா ஜன்னலக் கேட்டு வந்த மாதிரி இருக்கும்.”

“ஜன்னல் வேணும்தானே?”

“வேணும்டா” என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டு, “மோசமான ஆளு. பொண்டாட்டிய ஒரு வார்த்த பேச விட்டிருக்க மாட்டான். ஆனா பேய்னு சொன்னது தப்புதான்” என்றாள்.

விசாரணை நாளில் டிரைவர் வந்தார். கண்காணிப்பாளர் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். வாசலோரம் அம்மா நின்றாள்.

“அம்மா உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாங்களா சார்?”

“இல்ல.”

“அப்ப திருப்தி இல்லன்னு எழுதிக்கவா?”

“நான் எப்பச் சொன்னேன்? திருப்தின்னு எழுதிக்க. வந்து உக்காந்துச்சு. முழுசா உக்காந்துச்சு. என் பசங்ககூட அவ்வளவு நேரம் உக்காரல.” எழுந்தவர் அம்மாவைத் தாண்டும்போது நின்றார். “ஆனா அந்தப் பேய் சமாச்சாரத்த சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“மறக்காதீங்க” என்றாள் அம்மா.

கோப்பு மூடியது. ஜன்னல் தங்கிவிட்டது என்று இரண்டு பேரும் நம்பினார்கள். கண்காணிப்பாளர் மறுவாரமே மறுபடியும் கூப்பிட்டார்.

“உங்க ஜன்னல்ல வரிசை வாசல் தாண்டிப் போகுதும்மா. முன்னாடி நீங்க ஒரு ஆள முடிக்கற நேரத்துக்கு இப்ப மூணு மடங்கு ஆகுது. மேலேர்ந்து கேக்கறாங்க.”

“வெட்டினா புகார். வெட்டலன்னா வரிசை. நடுவுல நான் என்ன செய்யணும்?”

“நடுவுல...” அவர் நகத்தைப் பார்த்தார். “நடுவுல மீட்டர் கிடங்கும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க இடத்துல தொடுதிரை மிஷின் வைக்கறாங்க. வர்றவங்களே அஞ்சுல ஒண்ண அமுக்கிட்டுப் போயிடலாம்.”

வெட்டியதற்காகத் தூக்கப் பார்த்தவர்கள், வெட்டாததற்காகத் தூக்கிவிட்டார்கள். இப்படிப்பட்டவர்கள்தான் பிற்பாடு இன்முகம் என்று தாள் ஒட்டுகிறார்கள். அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஜெயித்திருப்பாள் என்று மகன் இன்றைக்கும் நம்புகிறான். ஆனால் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஆளை முழுவதும் படித்து முடித்துவிட்ட சலிப்பு வந்திருந்தது.

ஜன்னலில் கடைசி நாள். அவளைக் கூட்டிப்போக மகன் சீக்கிரமே வந்துவிட்டான். மற்ற மூன்று ஜன்னல்களின் பலகையும் இறக்கியாயிற்று. மூன்றாவதில் மட்டும் பளபளவென்று ஷூ போட்ட ஒருவர் கம்பியில் முழங்கையை ஊன்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மீட்டரின் முத்திரை உடைந்திருந்தது. உடைத்தது தான் இல்லை என்பது அவர் வழக்கு. கல்யாணம், வீடு நிறைய ஜனம், குழந்தைகள் பந்து விளையாடியது, நடுவே மச்சான் வந்தது, மின்சாரம் போனது என்று வளர்ந்துகொண்டே போயிற்று. பச்சைப் பொய். தூர நின்ற மகனுக்கே தெரிந்தது. கண்காணிப்பாளர் இரண்டு தடவை வந்து கடிகாரத்தைக் காட்டினார். அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஷூக்காரர் கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“முடிஞ்சுதா?” என்றாள்.

“முடிஞ்சுதும்மா. இதான் நடந்தது.”

“நல்லாத்தான் சொன்னீங்க. பந்து வந்த வரைக்கும் நம்பற மாதிரியே இருந்துச்சு. அந்த மச்சான் வந்த எடம் மட்டும் ஒட்டல. அவரு எதுக்கு வந்தாரு? வந்து ஒண்ணும் செய்யாமப் போயிட்டாரே.”

ஷூக்காரர் கம்பியிலிருந்து முழங்கையை எடுத்தார். கோபப்படப் போகிறார் என்று மகன் நினைத்தான். அவர் அசடு வழியச் சிரித்தார்.

“நாளைக்கு வந்து திருத்திச் சொல்லட்டுமா?”

“நாளைக்கு நான் இருக்க மாட்டேன். மிஷின் இருக்கும். அதுகிட்ட எதச் சொன்னாலும் நம்பும். இன்னிக்கு அபராதத்தக் கட்டிட்டுப் போங்க.”

பலகையை அவளே இறக்கினாள். வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அந்த ஆள் சொன்ன பொய்யை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், கல்யாண வீட்டிலிருந்து, குரல் மாற்றி. சிக்னலில் நின்றபோதும் நிறுத்தவில்லை. பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். பாதிக் கதை மகன் ஏற்கெனவே நின்று கேட்டதுதான். வீடு வந்து சேரும் வரை அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.